பத்து வருஷம் பார்த்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டார். கணையத்துக்கு இனி யாரைப் பார்ப்பது?

தங்கச்சிமடத்தான்
ஞாயிறு, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. நாட்பட்ட கணைய அழற்சி, குழாயில் கல். 26 வயதில் பிடித்தது. மதுரையில் ஒரே டாக்டரிடம் பத்து வருஷமாகப் பார்த்துவந்தேன். இரண்டு தடவை ஸ்டென்ட் வைத்து எடுத்தவர் அவர்தான். போன தை மாதம், வயதாகிவிட்டது என்று கிளினிக்கை மூடிவிட்டார். கடைசி நாள் என் ஃபைலை என் கையில் கொடுத்து, "நல்ல ஆளாப் பாத்துக்கப்பா" என்றார். யார் அந்த நல்ல ஆள் என்று சொல்லவில்லை.

போர்டைப் பார்த்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன், உள்ளே நாலு நிமிஷம். முதல் கேள்வியே "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" குடிப்பதில்லை என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். "இல்லைங்க சார்" என்று அவளும் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார். ரத்தத்தில் கணைய என்சைம்களான அமைலேஸ், லைபேஸ் இரண்டும் நார்மல். "இது கணையம் இல்லை, கேஸ்" என்று ஒரு மாத்திரை எழுதினார். ஃபைலைத் திறக்கவே இல்லை.

ராத்திரி வலி வந்தால், மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொள்கிறேன். அப்படி இருந்தால்தான் முதுகுக்குப் போகிற வலி கொஞ்சம் அடங்குகிறது. அம்மா ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார். அது அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரைப் பார்ப்பது, எப்படித் தேடுவது? இதே நோயோடு இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உச்சிப்புளி வாத்தியார்
திங்கள், காலை 6.15

தம்பி, லைபேஸ் நார்மல் என்றால் கணையமும் நார்மல் என்று அர்த்தம் இல்லை. திடீர் அழற்சியில் அது மூன்று மடங்குக்கு மேல் ஏறும். பதினைந்து வருஷம் தேய்ந்த கணையத்தில் ஏறுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? என் மகனுக்கு எட்டு வருஷமாக இதுதான். வலியில் சுருண்டு கிடந்த நாளில்கூட லைபேஸ் நார்மலாக வந்திருக்கிறது. சி.டி. ஸ்கேன், குழாயைப் படம் எடுக்கிற எம்.ஆர்.சி.பி. ஸ்கேன், உள்ளே விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டு, இவைதான் இந்த நோயில் பேசும்.

போர்டில் "வயிறு, குடல், ஈரல் நிபுணர்" என்று போட்டிருப்பதை வைத்து எதுவும் தெரியாது. எம்.டி. படித்துவிட்டு வயிறு பார்ப்பவர் வேறு, அதற்கு மேல் டி.எம். காஸ்ட்ரோ முடித்தவர் வேறு, எம்.சி.ஹெச். முடித்த சர்ஜன் வேறு. டி.எம். முடித்தவர்களிலும் சிலருக்கு ஈரல்தான் உலகம். நான் செய்தது இது: டோக்கன் போடும் நம்பருக்குப் போன் செய்து, "கணையக் குழாய்க்கு ஈ.ஆர்.சி.பி. உங்கள் டாக்டரே செய்வாரா, மாதத்தில் எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்டேன். (ஈ.ஆர்.சி.பி. என்பது வாய்வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுக் கல் எடுப்பது, ஸ்டென்ட் வைப்பது.) ஒரு இடத்தில் போனை எடுத்த பெண், "பித்தக் கல்லுக்கா, கணையத்துக்கா சார்?" என்று திருப்பிக் கேட்டது. அங்கேதான் போனேன்.

தொண்டிக்காரன்
திங்கள், காலை 9.02

இதுக்கெல்லாம் யோசனை எதுக்கு? நேரா வேலூர் போங்க. ஒரே வாரத்துல எல்லா டெஸ்ட்டும் முடிச்சுக் கையில கொடுத்துருவாங்க. மதுரை, ராமநாதபுரம்னு அலையாதீங்க.

உச்சிப்புளி வாத்தியார்
திங்கள், காலை 9.40

வேலூர் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி நிற்காமல் போனால் வேலூரா வரும்? தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கே 160 கிலோமீட்டருக்கு மேல். டிசம்பர் 2022லிருந்து புதுப் பாம்பன் பாலம் திறந்த ஏப்ரல் 2025 வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்த இரண்டு வருஷமும் என் மகனை மண்டபத்துக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்ததால் தப்பித்தோம். தூரத்தில் ஒருவர், பக்கத்தில் ஒருவர், இரண்டு பேர் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டாம். டிரிப் போட்டு, வலிக்கு ஊசி போட்டு, மேலே அனுப்ப வேண்டியதா இல்லையா என்று சொல்லத் தெரிந்தால் போதும். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி 2022லிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. காய்ச்சல், மஞ்சள் காமாலை, நிற்காத வாந்தி, இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு முதலில் அங்கே போங்கள்.

தேவிபட்டினம்
திங்கள், காலை 10.20

கீழாநெல்லியும் திரிகடுகமும் 48 நாள் சாப்பிட்டால் கல் கரையும். எங்கள் ஊரில் ஒரு வைத்தியர் கொடுக்கிறார்.

பழைய குடிகாரன்
திங்கள், காலை 10.31

அண்ணே, அந்தக் கல் சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட். அதைக் கஷாயம் கரைக்காது. நான் 48 நாள் இல்லை, 90 நாள் குடித்தவன். ஆறு கிலோ இளைத்ததுதான் மிச்சம்.

தங்கச்சிமடத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். "குடிப்பீங்களா" என்று கேட்டது உங்களுக்குச் சுட்டிருக்கிறது. நான் குடித்தவன்தான். பதினோரு வருஷம், மூக்கையூரில் கரையேறினால் நேரே கடைக்கு. அதே கேள்வியை என்னிடமும் கேட்பார்கள், நான் ஆமாம் என்பேன். அப்புறம் வலியைப் பற்றிப் பேச்சே இருக்காது. "நீயே தேடிக்கிட்டது" என்கிற பார்வை மட்டும் இருக்கும். குடிக்காதவன் என்று நிரூபித்தால்தான் வைத்தியம் என்றால், நாங்கள் எங்கே போவது? எனக்கு இப்போது பார்க்கிற டாக்டரும் முதல் நாள் அதைத்தான் கேட்டார். "எப்ப விட்டீங்க, எது கஷ்டமா இருந்துச்சு?" என்று சேர்த்துக் கேட்டார். நாலு வருஷமாக அவரிடம்தான் இருக்கிறேன்.

இன்னொன்று. சாராயம் மட்டும் இல்லை, புகையும் கணையத்தைத் தனியாகவே கெடுக்கும். பீடியை மறைக்காதீர்கள். நான் மூன்று வருஷம் மறைத்தேன்.

கீழக்கரை ராத்தா
திங்கள், பிற்பகல் 3.10

தம்பி, அஸர் தொழுகைக்கு முன்னால் கொஞ்சம் நேரம் கிடைத்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இந்த நோய் எனக்குத்தான், என் மாப்பிள்ளைக்கு இல்லை. ஒரு பொம்பளைக்கு, அதுவும் கீழக்கரையில், கணையத்தில் கல் என்றால் டாக்டர்களே நம்ப மாட்டார்கள். குடிக்காதவர்களுக்கு, சின்ன வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து பிறகு சர்க்கரை வருகிற நோய் நம் தென்னாட்டில் பழையது. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் அந்தக் காலத்திலேயே நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். முன்பு மரவள்ளிக் கிழங்கு மேல் பழி போட்டார்கள், அது நிற்கவில்லை. இப்போது ஸ்பிங்க்1 என்கிற மரபணுவைப் பற்றிப் பேசுகிறார்கள். இதெல்லாம் டாக்டருக்குத் தெரியும். நாலு நிமிஷத்தில் ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

அதனால் நான் ஒரு தாள் எழுதினேன். ஒரே தாள், ஒரு பக்கம். மேலே வயது, நோய் தொடங்கிய வருஷம், குடி இல்லை, புகை இல்லை. அடுத்து, எந்த வருஷம் என்ன செய்தார்கள் என்று வரிசையாக ஆறு வரி. அப்புறம் இப்போது சாப்பிடும் மருந்து, எத்தனை யூனிட், எப்போது என்று. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும். கடைசி வரியில், "நான் வந்திருப்பது இதற்காக" என்று ஒரே ஒரு கேள்வி. முதல் முறை அந்தத் தாளில் எல்லாவற்றையும் எழுதி நாலு பக்கம் ஆகிவிட்டது. டாக்டர் அதை மடித்து ஃபைலுக்கு அடியில் வைத்தார். ஒரு பக்கமாக ஆக்கியதும் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

பழைய ஸ்கேன் ஃபிலிம்களையும் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அல்ட்ராசவுண்டு எடுத்த சின்னப் பேப்பர் வெளுத்தே போய்விடும். என் 2016 ஸ்கேன் பீரோவுக்குப் பின்னால் இருந்து வெள்ளைத் தாளாக வந்தது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் சி.டி. தட்டைவிட பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். இப்போதைய கம்ப்யூட்டரில் தட்டு போடுகிற இடமே இல்லை.

புது டாக்டரிடம் நான் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். செரிமானத்துக்குக் கொடுக்கிற என்சைம் மாத்திரை பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. எனக்கு ஐந்து வருஷம் யாரும் சொல்லவில்லை. நான் அட்டையில் படித்து, அழுது, இரண்டு மாதம் நிறுத்தி, ஏழு கிலோ இளைத்து, பிறகுதான் எங்கள் ஆலிமிடம் கேட்டேன். உயிருக்கு அவசியம், மாற்று இல்லை என்றால் தடையில்லை என்றார். புது டாக்டரிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "நிறுத்துனது தெரியாம நான் டோஸ் ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன், நல்லவேளை சொன்னீங்க" என்றார். நோன்பு வைப்பேனா, இன்சுலின் எப்படி மாற்றுவது என்று அவராகவே கேட்டார். அந்த நாளோடு தேடல் முடிந்தது.

பி.கு.: எங்கள் ஊர் தொதல் அல்வாவை நினைத்து நாக்கு ஊறினால் ஒரு விரல் அளவு. தேங்காய்ப்பாலும் எண்ணெயும் கணையத்துக்கு வேலை வைக்கும். மாத்திரையோடு சாப்பிடுங்கள், மாத்திரை இல்லாமல் வேண்டாம்.

மருந்துக்கடைக்காரன்
திங்கள், இரவு 9.25

ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். வலி மாத்திரை டிரமடால் 2018லிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பழைய டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி எங்களிடம் சண்டை போடாதீர்கள். டாக்டர் மாறும்போது கையில் மருந்து தீர்வதற்கு முன்பே புது ஆளைப் பிடித்துவிடுங்கள். வலிக்கு வெறும் டிரமடாலை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். பிரிகாபலின் மாதிரி நரம்பு வலிக்கான மருந்தும் எழுதுகிறார்கள். புது டாக்டரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

என்சைம் கேப்ஸ்யூலில் பத்தாயிரம், இருபத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் என்று அளவுகள் உண்டு. பேர் ஒன்றுதான், அளவு வேறு. சீட்டில் எத்தனை யூனிட் என்று பார்க்காமல் பேரைச் சொல்லி வாங்கிப் போகிறார்கள். வண்டி டேங்க் கவரில் வெயிலில் வைக்கவும் கூடாது. உள்ளே இருப்பது புரதம்.

தங்கச்சிமடத்தான்
திங்கள், இரவு 10.50

பத்தாயிரம்தான் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, ஒன்று.

ராத்தா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தாள் எழுத இன்றைக்கே உட்கார்ந்துவிட்டோம்.

கீழக்கரை ராத்தா
திங்கள், இரவு 10.58

தம்பி, கை கழுவின பிறகா? சோறு முன்னால் போய், மாத்திரை பின்னால் போனால் இரண்டும் எங்கே சந்திக்கும்? முதல் கவளத்தோடு.

உச்சிப்புளி வாத்தியார்
செவ்வாய், காலை 5.50

பழைய ரிப்போர்ட் எதுவும் விட்டுப்போயிருந்தால் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளி பதிவேடுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியிலேயே இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். தாளில் எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். நான் 31 வருஷம் அரசாங்க வேலை பார்த்தவன், சீலின் மகிமை தெரியும்.

தங்கச்சிமடத்தான்
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.15

போய்விட்டு வந்தேன்.

முதலில் தாளைப் பற்றி. பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக மனைவி தரையில் பரப்பினாள். வீடு முழுக்கச் சீட்டு. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பேனாவில் எடை எழுதியிருந்தது. 63, 61, 61, 58, 55, கடைசிச் சீட்டில் 52. ஆறு வருஷத்தில் பதினோரு கிலோ. நான் பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. டாக்டரும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பத்து வருஷம் பழகிய ஆளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புது ஆள் பார்ப்பதிலும் ஒரு நல்லது இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

வாத்தியார் சொன்ன மாதிரி மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். இரண்டு இடத்தில் "வாங்க சார், எல்லாம் பாப்போம்." மூன்றாவது இடத்தில், பழைய சி.டி. ஸ்கேன் இருக்கிறதா, எப்போது எடுத்தது என்று கேட்டார்கள். விடியற்காலைப் பாசஞ்சரில் ஏறி மதுரை போனோம். டாக்டர் ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரும் குடியைக் கேட்டார். "எல்லாரையும் கேப்பேன், தப்பா எடுக்காதீங்க" என்றுவிட்டுத்தான் கேட்டார். இல்லை என்றேன். "பீடி?" மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு ஆறு என்றேன். குடிகாரர் அண்ணனின் பதிவு ஞாபகம் வந்தது. முதல் பதிவில் நான் அதை எழுதவில்லைதான்.

அப்புறம் யாரும் கேட்காத கேள்விகள். மலம் தண்ணீரில் மிதக்குமா, எண்ணெய்ப் படலம் தெரியுமா, இரண்டு தடவை ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்குமா? எல்லாம் ஆமாம். மலத்தில் எலாஸ்டேஸ் என்று ஒரு பரிசோதனை; 200க்கு மேல் இருக்க வேண்டுமாம், எனக்கு 38. வைட்டமின் டி குறைவு. எலும்பு அடர்த்தி பார்க்கவும் எழுதியிருக்கிறார். கொழுப்பு செரிக்காவிட்டால் ஏ, டி, இ, கே எதுவும் உடம்பில் சேராது என்றார். இப்போது இருபத்தைந்தாயிரத்தில் இரண்டு, முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. டீ, வடைக்கு ஒன்று. கொழுப்பை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. "எண்ணெய்யை நிறுத்திட்டு 52 கிலோவுல நின்னா நான் என்ன பண்றது?" என்றார். பொரித்த மீன் வேண்டாம், குழம்பு மீன் சாப்பிடலாம்.

என் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுவதைப் பற்றியும் சொன்னார். இந்த வகைச் சர்க்கரையில் இன்சுலின் மட்டும் இல்லை, சர்க்கரையை ஏற்றுகிற குளுக்ககானும் குறைந்துபோவதால் இறங்கினால் சட்டென்று இறங்குமாம். படகில் போகிறீர்களா என்று கேட்டார். எப்போதாவது மச்சானோடு போவேன் என்றேன். குளுக்கோஸ் பொடியை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, நான் மட்டும் இல்லை, மச்சானும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றார்.

கடைசியில் ஸ்கேனைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு (பென்டிரைவ், ராத்தா!), ஒரு கவரின் பின்பக்கத்தில் கணையத்தை வரைந்தார். மீன் படுத்திருப்பது மாதிரி. தலைப் பக்கம் 11 மில்லிமீட்டரில் ஒரு கல், அதற்குப் பின்னால் குழாய் 9 மில்லிமீட்டர் வீங்கியிருக்கிறது. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைத்து மறுபடி ஈ.ஆர்.சி.பி. செய்யலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன். "நான் எண்டோஸ்கோபி பண்றவ, என்கிட்ட கேட்டா எண்டோஸ்கோபிதான் சொல்வேன். அதனால ஒரு சர்ஜன்கிட்டயும் கேட்டுட்டு வாங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். எனக்கு இது புதுசு.

பழைய குடிகாரன்
வெள்ளி, இரவு 9.50

பீடியை ஒத்துக்கொண்டதற்கு ஒரு சலாம், தம்பி. ஆபரேஷன் என்றதும் பயப்படாதீர்கள். எனக்கு ஃபிரே ஆபரேஷன் நடந்து மூன்று வருஷம். தலைப் பக்கம் கெட்டதைக் குடைந்து எடுத்து, குழாயை நீளத்துக்குத் திறந்து சிறுகுடலோடு தைத்துவிடுவார்கள். வலி முழுக்கப் போகவில்லை. மாதத்தில் பத்து நாள் என்பது இரண்டு நாள் ஆயிற்று. நெதர்லாந்தில் 88 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2020ல் வெளிவந்தது. முதலிலேயே ஆபரேஷன் செய்தவர்களுக்கு, எண்டோஸ்கோபியில் ஆரம்பித்தவர்களைவிட ஒன்றரை வருஷத்தில் வலி குறைவு என்று வந்திருக்கிறது. சர்ஜனிடம் அதைக் கேளுங்கள்.

உச்சிப்புளி வாத்தியார்
சனி, காலை 6.05

அந்த ஆய்வு எல்லாருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இவருக்கு ஏற்கனவே இரண்டு ஸ்டென்ட் முடிந்திருக்கிறது. என் மகனுக்கு அதிர்வலையோடு சரியாயிற்று. சர்ஜனுக்கு மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் ஒரு முறை காட்டுங்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று அட்மிஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மாதாமாதம் வாங்குகிற கேப்ஸ்யூலுக்கு அந்த அட்டை உதவாது. அதுதான் உண்மையில் ஆளைக் கொல்லும் செலவு.

தங்கச்சிமடத்தான்
சனி, பகல் 12.30

கேப்ஸ்யூல் விலையைக் கேட்டுக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன், வாத்தியாரே. பீடிக் காசை அதில் போடச் சொல்கிறாள் மனைவி. கணக்குப் போட்டால் ஒரு நாள் மாத்திரையில் பாதிக்குக்கூட வராது. ஆனாலும் விட்டுவிட்டேன், இன்றோடு ஒன்பது நாள். எடை 53.

வாலிநோக்கம்
சனி, பிற்பகல் 2.44

அண்ணே, எங்க அப்பாவுக்கும் இதே பிரச்சினை, இதே "கேஸ்" மாத்திரைதான். அந்த டாக்டரம்மா பேரைத் தனிமடலில் அனுப்ப முடியுமா?

தங்கச்சிமடத்தான்
சனி, பிற்பகல் 3.01

அனுப்பிவிட்டேன் தம்பி. செவ்வாயும் வியாழனும் போகாதீர்கள், அந்த இரண்டு நாளும் அவர் எண்டோஸ்கோபி அறையிலேயே இருப்பார். அப்பாவின் பழைய சீட்டுகளை இன்றைக்கே தரையில் பரப்புங்கள், மூலையில் எடை எழுதியிருக்கிறதா பாருங்கள்.